கோலாங் ரிவ்யூ: கம்பெனிக்கு எடுக்கலாமா, யாருக்கு ஒத்து வரும்

கோலாங்ன்றது கூகுள்ல பிறந்த ஒரு ப்ரோக்ராமிங் லாங்குவேஜ், கோன்னும் சொல்லுவாங்க. முதல்லயே ரேட்டிங் சொல்லிடுறேன், 5க்கு 4. ஏபிஐ, நெட்வொர்க் சர்வீஸ், கமாண்ட் லைன் டூல், இன்ஃப்ரா வேலை இதெல்லாம் பண்ற டீமா இருந்தா தைரியமா எடுக்கலாம். டேட்டா சயின்ஸ், மெஷின் லேர்னிங், மொபைல் ஆப்னா வேண்டாம். ஏற்கனவே வேற லாங்குவேஜ்ல பல லட்சம் லைன் கோடு நல்லா ஓடிட்டு இருக்குன்னா கொஞ்சம் நில்லுங்க, கீழ வரைக்கும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

நான் பேக்கெண்ட் ஆளு. பைத்தான்லயும் ஜாவாலயும் எழுதிட்டு இருந்தேன், இப்ப தினம் கோலாங்ல தான் வேலை. ஒரு லாங்குவேஜோட ரிவ்யூன்னு தேடிப் பாத்தா சிண்டாக்ஸ் அழகா இருக்கா, ஜாவாவை விட எவ்வளவு வேகம், ரஸ்ட்டை விட எவ்வளவு மெதுன்னு பெஞ்ச்மார்க் தான் நிறைய வருது. ஆனா ஒரு கம்பெனி இதை எடுக்கலாமா வேண்டாமான்னு உக்காந்து பேசுறப்ப அந்த ரூம்ல நடக்கிற பேச்சே வேற. எழுதினவங்க வேலையை விட்டுப் போயிட்டா அடுத்து வர்றவங்க எத்தனை நாள்ல பிக்கப் பண்ணுவாங்க, ஆள் கிடைப்பாங்களா, இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு இந்தக் கோடு கம்பைல் ஆகுமா, ராத்திரி சர்வர் விழுந்தா எங்க போய்ப் பாக்கணும்னு தெரியுமா, லைசன்ஸ் விஷயத்துல யாராவது திடீர்னு கணக்கு கேட்டு வந்து நிப்பாங்களா. இந்தக் கேள்விங்களை வச்சுத்தான் நான் இங்க எழுதுறேன், ஏன்னா வேகத்தை மட்டும் பாத்து லாங்குவேஜ் எடுத்த டீமை நான் பாத்ததே இல்ல.

இது பிறந்த கதையிலயே பாதி விஷயம் இருக்கு. 2007ல கூகுளுக்குள்ள ராபர்ட் க்ரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் மூணு பேரும் ஆரம்பிச்சது, ஒரு பெரிய சி++ ப்ரோக்ராம் கம்பைல் ஆகுறதுக்குக் காத்திருந்த நேரத்துல தான் பேச்சே தொடங்குச்சுன்னு ராப் பைக்கே சொல்லியிருக்காரு. 2009 நவம்பர்ல வெளியில விட்டாங்க, 2012 மார்ச்ல 1.0 வந்துச்சு. ஆயிரக்கணக்கான பேர் ஒரே கோட்பேஸ்ல கை வைக்கிற ஒரு இடத்தோட கஷ்டத்துல இருந்து வந்த லாங்குவேஜ் இது. யாருக்காகப் பண்ணோம்னும் அவர் ஒளிவுமறைவு இல்லாம சொல்லியிருக்காரு, காலேஜ் முடிச்சு புதுசா வர்ற பசங்க, ஜாவாவோ சி++ஓ பைத்தானோ ஓரளவுக்குத் தெரிஞ்சவங்க, அவங்க சீக்கிரம் கத்துக்கிட்டு உருப்படியா சாஃப்ட்வேர் எழுதணும், அதனால ஈசியா புரியுற மாதிரி இருக்கணும்னு. இதைக் கேட்டு நிறைய பேருக்குக் கோபம், எங்களை என்ன அவ்வளவு மட்டமா நினைச்சுட்டாங்களான்னு. எனக்கு அது ரொம்ப நேர்மையான பேச்சாத்தான் படுது. கம்பெனில எழுதுற கோடு பெரும்பாலும் நமக்காக எழுதுறது இல்ல, நாம போனதுக்கப்புறம் வர்றவங்களுக்காக எழுதுறது, அதை டிசைன் பண்றப்பவே மனசுல வச்சிருந்தாங்கன்றது எனக்குப் பிடிச்சிருக்கு.

மொத்தமே 25 கீவேர்டு தான். ஜாவால சுமார் 50 இருக்கு. லூப்புக்கு ஃபார் மட்டும் தான், வைல்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கிளாஸ் இல்ல, இன்ஹெரிட்டன்ஸ் இல்ல, எக்செப்ஷன் இல்ல. இவ்வளவு இல்லன்னு சொன்னா எப்படி வேலை பாக்குறதுன்னு தோணும், ஆனா நடைமுறைல என்ன ஆகுதுன்னு ஒண்ணு சொல்றேன். எங்க டீம்ல வருஷக்கணக்கா ஜாவா மட்டும் எழுதினவங்க ஒருத்தங்க புதுசா வந்து சேர்ந்தாங்க. ரீஃபண்டு ப்ராசஸ் பண்ற சர்வீஸைத் திறந்து குடுத்துட்டு பக்கத்துல உக்காந்தேன். ரிக்வெஸ்ட் வருது, ஜேசனைப் பிரிக்குது, எரர் இருந்தா திரும்பிடுது, டேட்டாபேஸ்ல ஆர்டரைத் தேடுது, எரர் இருந்தா திரும்பிடுது, பேங்க் ஏபிஐயைக் கூப்பிடுது, எரர் இருந்தா லாக் பண்ணிட்டு திரும்பிடுது. மேல இருந்து கீழ விரல் வச்சுப் படிச்சுக்கிட்டே போனாங்க, நடுவுல ஒரே ஒரு இடத்துல தான் நிறுத்தி என்ன இதுன்னு கேட்டாங்க, அதுவும் லாங்குவேஜ் சந்தேகம் இல்ல, பார்ஷியல் ரீஃபண்டுக்கு எங்க பிசினஸ் ரூல் என்னன்னு. அன்னிக்கு சாயங்காலமே ஒரு சின்ன பக் ஃபிக்ஸ் போட்டாங்க. இதே வேலையை ஸ்ப்ரிங்ன்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்ல இருக்கிற பெரிய ப்ராஜெக்ட்ல பண்ணியிருந்தா மெத்தட் மேல நாலு அனோட்டேஷன் இருக்கும், ட்ரான்சாக்ஷன் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு அந்த மெத்தட்ல எழுதியிருக்காது, எக்செப்ஷன் வந்தா அதைப் பிடிக்கிறது வேற ஏதோ ஒரு ஃபைல்ல இருக்கும். தெரிஞ்சவங்களுக்கு அது வசதி தான், நான் இல்லன்னு சொல்லல. புதுசா வர்றவங்களுக்கு அது ஒரு காடு.

அப்புறம் கோஃபம்ட், கோடை ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர்ற டூல். பெருசா யாரும் பேசாத விஷயம், ஆனா கம்பெனிக்கு இது செய்ற உபகாரம் கொஞ்ச நஞ்சம் இல்ல. கோடு எப்படி அலைன் ஆகணும், பிராக்கெட் எங்க வரணும், டேபா ஸ்பேஸான்னு எல்லாத்தையும் இந்த டூல் முடிவு பண்ணிடும், மாத்திக்கிறதுக்கு செட்டிங்கே கிடையாது. கோட் ரிவ்யூல பிராக்கெட்டை கீழ லைனுக்குக் கொண்டுவான்னு யாரும் எழுதறதே இல்ல. இன்னொரு டீமோட ரெப்போவைத் திறந்தாலும், நெட்ல கிடக்கிற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியோட சோர்ஸைத் திறந்தாலும் நம்ம கோடு மாதிரியே தான் இருக்கும். டெஸ்ட், ப்ரொஃபைலர், ரேஸ் டிடெக்டர் எல்லாமே கூடவே வருது, அதனால எந்த டெஸ்ட் ஃப்ரேம்வொர்க், எந்த பில்டு டூல்னு ஒரு மாசம் மீட்டிங் போட வேண்டிய அவசியம் இல்ல. டிபெண்டன்சி விஷயம் மட்டும் ரொம்ப நாளா மோசமா இருந்துச்சு, கோபாத்துன்னு ஒரே ஃபோல்டருக்குள்ள எல்லாத்தையும் வைக்கணும்னு படுத்தி எடுத்தாங்க, 2018ல 1.11 வெர்ஷன்ல மாட்யூல் வந்து, அது 2021ல டிஃபால்ட் ஆனதுக்கப்புறம் தான் அது சரியாச்சு. நீங்க பழைய ப்ளாக் எதையாவது படிச்சுட்டு இதுல பேக்கேஜ் மேனேஜ்மென்ட் கொடுமைன்னு நினைச்சிருந்தா அந்தக் கருத்தை இப்ப மாத்திக்கலாம்.

டெப்ளாய் பண்றது தான் இதோட பெரிய பலம்னு நான் நினைக்கிறேன். பில்டு கமாண்ட் அடிச்சா ஒரே ஒரு ஃபைல் வரும், அதை சர்வர்ல காப்பி பண்ணி ஓட விட்டா ஓடும். அந்த மெஷின்ல எந்த ரன்டைமும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், பைத்தான் எந்த வெர்ஷன், விர்ச்சுவல் என்வ் ஆக்டிவேட் பண்ணியா, ஜாவாவை ஓட்டுற ஜேவிஎம்முக்கு மெமரி எவ்வளவு குடுத்தேன்ற கேள்வியே வராது. லேப்டாப் மேக்கா இருந்தாலும் ரெண்டு என்விரான்மென்ட் வேரியபிள் மாத்தினா லினக்ஸுக்கான பைனரி கிடைச்சிடும். ஆனா இதுல ஒரு குழி இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. சிகோன்னு சி கோடைச் சேத்துக்க விடுற வசதி ஒண்ணு இருக்கு, அது ஆன்ல இருந்தா, நாம சி கோடு ஒரு லைன் கூட எழுதலன்னாலும், நெட் பேக்கேஜை யூஸ் பண்ணாலே லினக்ஸ்ல அந்த பைனரி ஜிலிப்சின்ற சி லைப்ரரியைத் தேடும். அதை அல்பைன்ற சின்ன லினக்ஸ் இருக்கிற கன்டெய்னர்ல போட்டு ஓட்டினா நாட் ஃபவுண்டுன்னு எரர் வரும். உள்ள போய் எல்எஸ் அடிச்சா ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, பர்மிஷனும் சரியா இருக்கு, ஆனா ஓட்டினா ஃபைலே இல்லன்னு சொல்லுது. இல்லாதது நம்ம பைனரி இல்ல, அதை லோடு பண்ண வேண்டிய டைனமிக் லிங்கர் தான் அல்பைன்ல இல்ல, அது ஜிலிப்சிக்குப் பதிலா மசல்னு வேற சி லைப்ரரியை வச்சிருக்கிற சிஸ்டம். பில்டு பண்றப்ப சிகோ எனேபிள்டுக்கு 0 குடுத்துட்டா தீர்ந்துச்சு. புதுசா எடுக்கிற டீம் இதை பில்டு ஸ்க்ரிப்ட்ல முதல் நாளே போட்டு வச்சிடுங்க.

கோரூட்டீன், அதாவது ஒரே நேரத்துல பல வேலையை ஓட்டுறதுக்கான லேசான த்ரெட், அதைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, அதனால சுருக்கமா. ஒரு கோரூட்டீன் சுமார் 2 கேபி ஸ்டாக்ல ஆரம்பிக்கும், தேவைப்பட்டா வளரும். ஜாவாவோட சாதாரண த்ரெட்டுக்கு 64 பிட் லினக்ஸ்ல டிஃபால்ட்டா 1 எம்பி ஸ்டாக். அதனால ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு கோரூட்டீன்னு தாராளமா விடலாம், அசிங்க் அவெய்ட்னு கோடை ரெண்டா பிரிக்க வேண்டாம், நேர் கோட்ல எழுதினா போதும். 2023ல ஜாவா 21லயும் விர்ச்சுவல் த்ரெட் வந்துடுச்சு, அதனால இதை மட்டும் காரணமா வச்சு ஜாவாவை விட்டு ஓடாதீங்க.

இதைவிட முக்கியமா ஒண்ணு இருக்கு. ஆப்பை கன்டெய்னர்ல அடைச்சு ஓட்டுற டாக்கர் 2013ல வந்துச்சு, நிறைய கன்டெய்னரைச் சேத்து நிர்வாகம் பண்ற குபர்நெட்டீஸ் 2014ல, ரெண்டும் கோலாங்ல எழுதினது. எட்சிடி, ப்ரோமித்தியஸ், டெர்ராஃபார்ம்னு இன்ஃப்ரா டூல்ஸோட அந்த வரிசை போய்க்கிட்டே இருக்கு. இதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, குபர்நெட்டீஸுக்குள்ள வேலையைத் தானா நடத்துற ஒரு ஆப்பரேட்டர் ப்ரோக்ராம் எழுதணும்னு ஒரு டீம் நினைச்சா லாங்குவேஜ் எதுன்னு யோசிக்கவே வேண்டாம், அதோட சொந்த கிளையன்ட் லைப்ரரி, டைப்ஸ், உதாரணம் எல்லாமே கோலாங்ல இருக்கு. பைத்தான்லயும் ஜாவாலயும் கிளையன்ட் இருக்கு தான், ஆனா ராத்திரி ஏதோ ஒண்ணு புரியாம குபர்நெட்டீஸோட சோர்ஸையே திறந்து படிக்க வேண்டி வர்றப்ப நாம எழுதுற அதே லாங்குவேஜ்ல அது இருந்தா எவ்வளவு நிம்மதின்னு அந்த வேலை பாத்தவங்களுக்குத் தெரியும். மெஷின் லேர்னிங்ல பைத்தான் நிக்கிறதும் இதே காரணத்தால தான். நம்பை, பைடார்ச் மாதிரி லைப்ரரி எங்க இருக்கோ அங்க தான் ஆளும் இருப்பாங்க, ஆள் எங்க இருக்காங்களோ அங்க தான் அடுத்த லைப்ரரியும் வரும்.

இப்ப மேனேஜர்ங்க கிட்ட நான் எப்பவும் முதல்ல காட்டுறது எதுன்னா 1.0 கூடவே குடுத்த கம்பேட்டிபிலிட்டி வாக்குறுதி தான். 1.0க்கு எழுதின கோடு அதுக்கப்புறம் வர்ற 1 வரிசை வெர்ஷன் எல்லாத்துலயும் கம்பைல் ஆகி ஓடணும்னு எழுத்துல குடுத்தாங்க, செக்யூரிட்டி மாதிரி சில விதிவிலக்கு தவிர அதைக் காப்பாத்திட்டும் வர்றாங்க. இதோட அருமை பைத்தான் 2ல இருந்து 3க்கு மாறின வேதனையை அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். 3.0 வந்தது 2008 டிசம்பர், பைத்தான் 2க்கு சப்போர்ட் முடிஞ்சது 2020 ஜனவரி 1. நடுவுல 11 வருஷம். அந்த 11 வருஷமும் எத்தனையோ டீமுங்க புதுசா ஒரு ஃபீச்சரும் குடுக்காத ஒரு வேலைக்கு ஆளை ஒதுக்கிக்கிட்டு இருந்தாங்க, ஸ்ட்ரிங்கா பைட்ஸான்னு ஒவ்வொரு ஃபைலா தடவிப் பாத்துக்கிட்டு. பைத்தான் நல்ல லாங்குவேஜ், அந்த மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருந்துச்சு, ஆனா அந்தச் செலவை கம்பெனிங்க இன்னும் மறக்கல.

கோலாங் டீம் இதை எவ்வளவு கவனமா பண்றாங்கன்றதுக்கு ஃபார் லூப் கதை ஒண்ணு போதும். முன்னாடி லூப் வேரியபிள் மொத்த லூப்புக்கும் ஒண்ணு தான். அதனால லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு கோரூட்டீன் கிளப்பி மெயில் அனுப்புறோம்னு வச்சுக்கோங்க, அந்த கோரூட்டீனுங்க ஓட ஆரம்பிக்கிறதுக்குள்ள லூப் முடிஞ்சிருக்கும், எல்லாமே கடைசி கஸ்டமரையே பாத்துக்கிட்டு நிக்கும், ஒரே ஆளுக்கு எல்லா மெயிலும் போகும், மத்தவங்களுக்கு ஒண்ணும் போகாது. எல்லாரும் வேரியபிளை லூப்புக்குள்ள இன்னொரு தடவை காப்பி பண்ணிக்கிட்டு காலத்தை ஓட்டினோம். 2024 பிப்ரவரில 1.22ல ஒவ்வொரு சுத்துக்கும் புது வேரியபிள்னு மாத்தினாங்க. ஆனா பழைய நடத்தையை நம்பி யாராவது எழுதியிருந்தா? அதுக்கு என்ன பண்ணாங்கன்னா, ப்ராஜெக்டோட விவரம் இருக்கிற கோமாட் ஃபைல்ல எந்த வெர்ஷன்னு எழுதியிருக்கோ அதைப் பாத்து தான் புது விதி அமலாகும். 1.21னு எழுதி வச்சிருந்தா புது கம்பைலர் கூட பழைய மாதிரியே தான் நடந்துக்கும். நம்ம மாட்யூலுக்குப் புது விதி, நாம இழுத்துக்கிட்டு வந்த பழைய லைப்ரரிக்குப் பழைய விதி, ரெண்டும் ஒரே பைனரிக்குள்ள. லட்சக்கணக்கான லைனை வச்சிருக்கிற ஒரு டீம் ராத்திரி நிம்மதியா தூங்குறதுக்கு இந்த மாதிரி கவனம் தான் காரணம்.

2025 மார்ச்ல மைக்ரோசாஃப்ட் தன்னோட டைப்ஸ்க்ரிப்ட் லாங்குவேஜோட கம்பைலரை கோலாங்குக்கு மாத்துறோம்னு சொன்னப்ப பெரிய சண்டையே நடந்துச்சு. சி ஷார்ப்பை வச்சிருக்கிற கம்பெனி, அதுலயும் அறிவிச்சவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், சி ஷார்ப்பையும் டைப்ஸ்க்ரிப்ட்டையும் டிசைன் பண்ணவரே அவர் தான், அவர் போய் கூகுள்காரங்க லாங்குவேஜை எடுக்கிறாரேன்னு. ரஸ்ட் ஏன் இல்லன்னு இன்னொரு பக்கம். அவங்க சொன்ன காரணத்தைப் படிச்சா ரொம்ப நிதானமா இருக்கும். இது புதுசா எழுதுற வேலை இல்ல, இருக்கிற கோடை அப்படியே பெயர்த்து வைக்கிற வேலை. பழைய கம்பைலர் ஃபங்ஷனும் டேட்டா ஸ்ட்ரக்சருமா எழுதினது, கிளாஸ் அதிகம் இல்ல, வேண்டாத மெமரியைத் தானே துடைக்கிற கார்பேஜ் கலெக்டர் இருக்குன்னு நம்பி எழுதினது, ட்ரீல ஒண்ணையொண்ணு சுத்திச் சுத்திக் காட்டுற பாயின்டர் நிறைய. அந்த வடிவத்துக்கு கோலாங் அப்படியே பொருந்துது, ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் மாத்தலாம், ஆன்சர் பழையதும் புதுசும் ஒரே மாதிரி வரும். ரஸ்ட்ல பண்ணா அந்த டேட்டா ஸ்ட்ரக்சரையே முதல்ல இருந்து யோசிக்கணும். ரிசல்ட், சுமார் 15 லட்சம் லைன் இருக்கிற விஎஸ் கோடு ப்ராஜெக்டை செக் பண்ண 77.8 செகண்ட் ஆனது 7.5 செகண்டுக்கு வந்துச்சுன்னு காட்டினாங்க. கம்பெனிங்க லாங்குவேஜை எப்படி எடுக்கணும்னு யாராவது கேட்டா இந்த முடிவைத்தான் நான் காட்டுவேன். சொந்த வீட்டுச் சரக்கான்னு பாக்கல, ஃபேஷன் எதுன்னு பாக்கல, கைல இருக்கிற கோடு எந்த மாதிரி கோடுன்னு பாத்தாங்க.

சரி, ஒரு மார்க் ஏன் குறைச்சேன்?

எரர் ஹேண்டிலிங். இஃப் எர் நாட் ஈக்வல் நில், ரிட்டர்ன் எர், அதாவது எரர் இருந்தா அதோட திரும்பிடு. இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்கிறோம்னு எண்ணவே முடியாது. படிக்கிறப்ப தெளிவா இருக்கும்னு மேல சொன்னேன், அது உண்மை, ஆனா ஃபங்ஷன்ல உருப்படியான லைன் நாலு, எரர் பாக்கிற லைன் பன்னண்டுன்னு இருக்கிறப்ப கண்ணு அதைத் தாண்டிப் போகப் பழகிடுது, அப்படித் தாண்டிப் போறப்ப தான் ஒரு இடத்துல எரரைக் கண்டுக்காம விட்டதும் கண்ணுல படாமப் போயிடுது. 2019ல ட்ரைன்னு ஒண்ணு கொண்டு வர்றதா இருந்தாங்க, எதிர்ப்பு வந்து கைவிட்டாங்க. 2025 ஜூன்ல இனிமே எரருக்காகப் புது சிண்டாக்ஸ் கொண்டு வர்ற முயற்சியை இப்போதைக்கு நிறுத்திக்கிறோம்னே சொல்லிட்டாங்க. அதனால இது மாறும்னு நம்பி எடுக்காதீங்க, இது இப்படித்தான்னு ஏத்துக்கிட்டு எடுங்க.

நில், அதாவது ஒண்ணும் இல்லன்ற காலி வேல்யூ, இன்னொரு தலைவலி. கீயை வச்சு வேல்யூ தேடுற மேப் ஒண்ணை டிக்ளேர் மட்டும் பண்ணிட்டு மேக் பண்ணாம விட்டுட்டா, அதுல இருந்து படிச்சா ஒரு சத்தமும் வராது, ஜீரோ வேல்யூ குடுத்துட்டு அமைதியா இருக்கும். அதுலயே எழுதினா பேனிக் ஆகி விழும். டெஸ்ட்ல படிக்கிற பாதை மட்டும் கவர் ஆகியிருந்தா இது நேரா ப்ரொடக்ஷன்ல தான் வந்து நிக்கும். கம்பைலர் இதையெல்லாம் பிடிச்சுக் குடுக்கணும்னு எதிர்பாக்கிறவங்களுக்கு காட்லினோ ரஸ்ட்டோ பிடிக்கும், அதுல தப்பே இல்ல. இந்த வேல்யூ மட்டும் தான் வரலாம்னு பட்டியல் போடுற ஒழுங்கான ஈனம் (enum) கிடையாது, ஐயோட்டான்ற தானா ஏறுற நம்பரை வச்சு அடுக்கிக்கிட்டு இருக்கோம், ஸ்விட்ச்ல ஒரு கேஸை விட்டுட்டா கம்பைலர் எதுவும் சொல்லாது. ஒரே ஃபங்ஷனைப் பல டைப்புக்கு எழுதுற ஜெனரிக்ஸ் வர்றதுக்கே 2022 மார்ச் ஆயிடுச்சு, 1.18ல. அதுக்கு முன்னாடி பத்து வருஷம் எல்லா கம்பெனியும் ஒரே ஃபங்ஷனை இன்ட்டுக்கு ஒண்ணு ஸ்ட்ரிங்குக்கு ஒண்ணுன்னு எழுதிட்டு இருந்தாங்க.

கார்பேஜ் கலெக்டர் பெரும்பாலானவங்களுக்குப் பிரச்சனையே இல்ல, ஆனா எல்லாருக்கும் இல்லன்னு சொல்ல முடியாது. டிஸ்கார்டு 2020ல அவங்க ரீட் ஸ்டேட்ஸ் சர்வீஸை கோலாங்ல இருந்து ரஸ்ட்டுக்கு மாத்தினாங்க. யார் எந்த மெசேஜ் வரைக்கும் படிச்சிருக்காங்கன்னு வச்சுக்கிற சர்வீஸ் அது, மெமரில பெரிய கேஷ். குப்பை அதிகம் சேரலன்னாலும் குறைஞ்சது 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை கலெக்டர் ஓடியே ஆகணும்னு கோலாங்ல ஒரு விதி இருக்கு, ஓடுறப்ப அவ்வளவு பெரிய கேஷை முழுக்க நடந்து பாக்கணும், அதனால சரியா 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை லேட்டன்சி எகிறிடுச்சு. அவங்க ஓட்டினது பழைய வெர்ஷன்னு அப்பவே சிலர் சொன்னாங்க. இருந்தாலும் உங்க சர்வீஸ் மெமரில கோடிக்கணக்கான சின்னச் சின்ன ஆப்ஜெக்டை வச்சுக்கிட்டு மில்லிசெகண்ட் கணக்கு பாக்குற சர்வீஸ்னா இதை முதல்லயே லோடு டெஸ்ட்ல பாத்துடுங்க.

இப்ப முக்கியமான பகுதி. ஏற்கனவே நிறைய கோடு இருக்கிறவங்க மாறணுமா? என் பதில் பெரும்பாலும் வேண்டாம். ஃபேஸ்புக்கைப் பாருங்க, சைட்டோட கோடு பெரும்பாலும் பிஹெச்பில இருந்துச்சு. அதை விட்டு வெளிய வர்றதுக்குப் பதிலா 2010ல ஹிப்ஹாப்னு பிஹெச்பியை சி++ஆ மாத்துற கம்பைலர் எழுதினாங்க, அப்புறம் ஹெச்ஹெச்விஎம்னு ஒரு விர்ச்சுவல் மெஷின், 2014ல ஹாக்னு டைப்ஸ் சேத்த ஒரு லாங்குவேஜே கொண்டு வந்தாங்க. கோடை மாத்துறதை விட லாங்குவேஜையே மாத்துறது மலிவுன்ற அளவுக்கு அவங்ககிட்ட கோடு இருந்துச்சு. ட்ராப்பாக்ஸ் இன்னும் நடுநிலையா பண்ணாங்க, வேகம் தேவைப்படுற பேக்கெண்ட் பகுதியை கோலாங்குக்குக் கொண்டு போனாங்க, மிச்ச பைத்தானை அப்படியே வச்சுக்கிட்டு 40 லட்சம் லைனுக்கு மைபைன்ற பைத்தான் டூலை வச்சு டைப் செக் பண்ணாங்க. எந்தப் பகுதி வலிக்குதோ அதை மட்டும் மாத்துறது, எனக்குப் பிடிச்ச வழி இது தான். முழுசா மாத்துறோம்னு கிளம்பின டீமுக்கு என்ன ஆகும்னா, பழைய சிஸ்டத்துல ஃபீச்சர் நிக்காது, புது சிஸ்டம் அதைத் துரத்திக்கிட்டே இருக்கும், ரெண்டையும் பாத்துக்க ஆள் போதாது.

ஆள் கிடைக்காதுன்ற பயத்தை மட்டும் வச்சும் முடிவு பண்ணிடாதீங்க. வாட்ஸ்அப் எர்லாங்ல ஓடுச்சு, அந்த லாங்குவேஜ்ல ஆள் தேடினா விரல் விட்டு எண்ணலாம். ஆனா எரிக்சன் கம்பெனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக உருவாக்கின லாங்குவேஜ் அது, லட்சக்கணக்கான கனெக்ஷனைப் பிடிச்சுக்கிட்டு விழாம நிக்கிறது தான் அதோட பிறவி குணம், மெசேஜிங்கும் அதே வேலை தானே. 2012லயே ஒரு சர்வர்ல 20 லட்சம் கனெக்ஷன் பிடிச்சாங்க, சின்ன டீமை வச்சுக்கிட்டே. வேலையும் லாங்குவேஜும் அவ்வளவு கச்சிதமா பொருந்துனா ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடுத்து வேலை வாங்கிக்கலாம். பொருந்தலன்னா மார்க்கெட்ல ஆயிரம் பேர் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

ஓனர் யாருன்றதையும் பாக்கணும். ஜாவா விஷயத்துல ஆரக்கிள் 2010ல கூகுள் மேல கேஸ் போட்டு அது 2021ல தான் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல கூகுளுக்குச் சாதகமா முடிஞ்சுது. 2023 ஜனவரில ஆரக்கிள் தன்னோட ஜாவா சந்தாவை கம்பெனில மொத்தம் எத்தனை ஊழியர்னு எண்ணிக் கணக்கு போட ஆரம்பிச்சுது, ஜாவாவைத் தொடாதவங்களும் அந்தக் கணக்குல வருவாங்க. ஜாவாவோட ஓப்பன் சோர்ஸ் வடிவமான ஓப்பன்ஜேடிகே ஃப்ரீயா கிடைக்குது, நிறைய பேர் அதுக்குத் தான் போனாங்க, ஆனா லீகல் டீமுக்கு அந்தப் பயம் ஒட்டிக்கிச்சு. கோலாங் பிஎஸ்டின்ற தாராளமான ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ், அந்த வம்பு இல்ல. ஆனா கடிவாளம் கூகுள் கைல தான், ப்ரொபோசல் யார் வேணா போடலாம், கடைசி முடிவு கோலாங் டீமோடது. எனக்கு அதுல பெரிய கவலை இல்ல, ஏன்னா குபர்நெட்டீஸ் உலகம் முழுக்க இதன் மேல உக்காந்திருக்கு, கூகுளே நாளைக்குக் கை விட்டாலும் தூக்கிப் பிடிக்க ஆள் இருப்பாங்கன்னு நம்புறேன். உங்க கம்பெனி வேற மாதிரி நினைச்சா அதுவும் நியாயம் தான்.

எடுக்கிறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒரு நடைமுறை விஷயம். வருஷத்துக்கு ரெண்டு வெர்ஷன் வரும், பிப்ரவரில ஒண்ணு ஆகஸ்ட்ல ஒண்ணு, கடைசி ரெண்டு வெர்ஷனுக்குத் தான் செக்யூரிட்டி ஃபிக்ஸ் வரும். அதாவது நீங்க இன்னிக்கு போட்ட வெர்ஷன் சுமார் ஒரு வருஷத்துல சப்போர்ட் இல்லாம போயிடும். அப்கிரேடு பெரும்பாலும் அரை நாள் வேலை தான், ஆனா அந்த அரை நாளை யார் காலண்டர்லயாவது எழுதி வைக்கலன்னா யாரும் பண்ண மாட்டாங்க, மூணு வருஷம் கழிச்சு செக்யூரிட்டி ஸ்கேன்ல ரிப்போர்ட் முழுக்க சிவப்பா வரும். முதல் சர்வீஸ் ப்ரொடக்ஷனுக்குப் போறப்பவே வெர்ஷன் அப்கிரேடு யார் பொறுப்புன்னு பேரோட எழுதி வச்சிடுங்க.